லாரியில் ஏறும் சரக்கும் மாநிலக் கணக்கில் ஏறும் தொகையும்

கேள்வி: லூசியானாவில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறேன். கச்சா விலை ஏறியபோது எங்கள் விற்பனை எகிறியது. ஆனால் மாநில ஜிடிபியில் ‘நீடித்து உழைக்காத பொருள் உற்பத்தி’ என்ற வரியில் அந்த ஏற்றம் தெரியவில்லை. கணக்கில் கோளாறா? பெட்ரோலை அந்தப் பட்டியலில் ஏன் வைத்தார்கள்?
– ஒரு வாசகர், பேட்டன் ரூஜ்

பதில்: கோளாறு இல்லை. ஒரே ஒரு பீப்பாயை எடுத்துப் பார்ப்போம். கச்சாவை 70 டாலருக்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். எரிவாயு, மின்சாரம், வினையூக்கி, வெளியாள் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து 6 டாலர். அதிலிருந்து இறங்கிய பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் மொத்தமும் 88 டாலருக்குப் போகிறது. 76 போக மிச்சம் 12. மாநில ஜிடிபியில் உங்கள் ஆலையின் பங்கு அந்த 12 தான். கச்சா 100 ஆகி, சரக்கு 118 ஆனால் விற்பனை 30 டாலர் கூடியிருக்கும்; மிச்சம் அதே 12.

இந்தக் கணக்கைப் போடுவது அமெரிக்க வர்த்தகத் துறையின் கீழுள்ள பொருளாதார ஆய்வுச் செயலகம். மாநில அளவில் அவர்கள் அந்த மிச்சத்தை வருமானப் பக்கத்திலிருந்து கூட்டுகிறார்கள்: ஊழியரின் சம்பளமும் சலுகைகளும், மானியம் கழித்த உற்பத்தி வரி, தேய்மானத்தையும் சேர்த்து நிறுவனத்தின் கையில் நிற்கும் உபரி.

பட்டியலுக்கு வருகிறேன். சராசரி ஆயுள் மூன்று ஆண்டுக்குக் குறைந்தது நீடிக்காத பொருள் என்பது பொது விதி. உணவு, பானம், புகையிலை, துணி, காகிதம், அச்சு, பெட்ரோலியம், ரசாயனம், பிளாஸ்டிக் எல்லாம் இதில் வரும். ஆனால் பிரிப்பது தொழிலை வைத்துத்தான், ஒவ்வொரு பொருளாகப் பார்த்து அல்ல. அதனால்தான் குளிர்பானம் இந்தப் பக்கம், அதை அடைக்கும் அலுமினிய டப்பா உலோகத் தொழில் என்பதால் அந்தப் பக்கம். தெருவுக்கடியில் பல பத்தாண்டுகள் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் ‘நீடிக்காதது’. மரத்தில் செய்த பல்குச்சி ‘நீடிப்பது’.

விலையேற்றம் நீக்கிய ஜிடிபி எண்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இப்போது அது 2017 விலை மட்டத்தில் வருகிறது. ஆனால் லூசியானாவுக்கென்று தனி விலைக் குறியீடு போடுவதில்லை. நாடு முழுமைக்குமான தொழில்வாரிக் குறியீட்டையே எல்லா மாநிலத்துக்கும் போடுகிறார்கள். உங்கள் ஊர் ஆலைகளின் லாப இடைவெளி நாட்டுச் சராசரியிலிருந்து விலகினால், அது உற்பத்தி அளவு கூடியது அல்லது குறைந்தது போலத் தெரியும். காலாண்டு எண்கள் ஆண்டு வீதத்தில், அதாவது அதே வேகம் ஓராண்டு முழுக்க நீடித்தால் எவ்வளவு என்ற கணக்கில் வருவதால் நான்கையும் கூட்டாதீர்கள், சராசரி எடுங்கள்.

எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம் வேறு. பல வருஷம் ஒரு கோழி இறைச்சி ஆலையில் கணக்கு எழுதியவன் நான். வெட்டு மேசையில் இருவர் தோளோடு தோள் நிற்பார்கள். வெள்ளைத் தொப்பி ஆலையின் ஆள், நீலத் தொப்பி ஏஜென்சி ஆள். ஒரே கத்தி, ஒரே குளிர், கையில் ஒரே வீக்கம். முதலாமவர் சம்பளம் உணவு உற்பத்தியில் ஏறும். இரண்டாமவருக்கு ஆலை கொடுப்பது வாங்கிய சேவைக்கான செலவு. அவர் சம்பளம் தற்காலிக ஆள் வழங்கும் சேவைத் தொழிலில் போய் உட்காரும். நீலத் தொப்பிகள் கூடக் கூட, உற்பத்தித் துறையில் ஏறும் சம்பளத் தொகை குறைந்துகொண்டே போகும். ஒரு கோழிகூடக் குறைந்திருக்காது. இதைப் பார்த்து ‘இங்கே தொழில் தேய்கிறது’ என்று எழுதுபவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்த நீலத் தொப்பிக்காரரை அவர்கள் பார்த்ததே இல்லை.

தலைமை அலுவலகமும் அப்படித்தான். தனி இடத்தில் இயங்கினால் அது ‘நிறுவன மேலாண்மை’ என்ற வேறு துறை. எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகமானாலும் உற்பத்தியில் சேராது.

உங்கள் ஆலையிலும் பெரிய பராமரிப்புக்காக ஷட்டவுன் எடுக்கும் வாரங்களில் விடியற்காலையில் கேட் வாசலில் வரிசை நிற்கும் வெல்டர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தக்காரர் கட்டுமான நிறுவனமாக இருந்தால், அவர்கள் கூலி முழுவதும் கட்டுமானத் துறை வரியில் இருக்கிறது. அடுத்த முறை மாநிலக் கணக்கில் உற்பத்தி, கட்டுமானம் என்ற அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.