அமெரிக்கப் பெண்களின் ஓட்டு: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கப் பெண்களுக்கு 1920-ல்தானே ஓட்டுரிமை கிடைத்தது, அக்கா?

பதில்: நாடு முழுக்க என்றால் ஆமாம், அரசியலமைப்பின் 19-வது திருத்தம். ஆனால் வயோமிங் 1869-லேயே கொடுத்துவிட்டது. அப்போது அது மாநிலம்கூட ஆகவில்லை. அதற்கும் முன்னால் நியூ ஜெர்சியில் சொத்துள்ள விதவைகளும் மணமாகாத பெண்களும் ஓட்டுப் போட்டுவந்தார்கள். 1807-ல் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கேள்வி: ஒரு பையனின் அம்மா எழுதிய கடிதத்தால்தான் அந்தத் திருத்தம் ஜெயித்தது என்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: கடிதம் நிஜம். 48 மாநிலங்களில் 36 ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் செல்லும். 35 தேறியாகிவிட்டது. 1920 ஆகஸ்டில் டென்னசியின் முறை. அதன் தலைநகர் நாஷ்வில் சட்டசபைக்கு ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜாவும் குத்திக்கொண்டு வந்தார்கள். 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் கோட்டில் சிவப்பு. தீர்மானத்தைக் கிடப்பில் போடலாமா என்ற ஓட்டெடுப்பில் 48-க்கு 48 என்று சமநிலை; அதில் அவர் எதிர்ப்பாளர் பக்கம்தான் நின்றார். அப்புறம் தீர்மானத்துக்கே ஓட்டெடுப்பு. பைக்குள் அம்மா ஃபெப்பின் கடிதம்: ஆதரித்து ஓட்டுப் போடு, அவர்களைத் தவிக்கவிடாதே என்று. பர்ன் "ஆம்" என்றார், 36-வது மாநிலமும் தேறிவிட்டது. அம்மா சொல் கேட்பதே பிள்ளைக்கு நல்லது என்று மறுநாள் விளக்கம் வேறு! ஆனாலும் 1848 செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டிலிருந்து 72 வருடம் பெண்கள் அலைந்ததை விட்டுவிட்டு, புகழையெல்லாம் இவருக்கே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: கறுப்பினப் பெண்களுக்கு?

பதில்: காகிதத்தில் கிடைத்தது. தெற்கில் தலைவரி கட்டினால்தான் ஓட்டு, எழுத்தறிவுத் தேர்வு, மிரட்டல் என்று பெரும்பாலோரைத் தடுத்தே வைத்திருந்தார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

கேள்வி: இந்தியாவிலிருந்து போன பெண்கள்?

பதில்: குடியுரிமை இருந்தால்தானே ஓட்டு! இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெற முடியாது என்று 1923-ல் பகத் சிங் தின்ட் என்ற இந்தியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946 லூஸ்-செல்லர் சட்டம்தான் கதவைத் திறந்தது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானது 2016-ல். இந்தியாவிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2021-ல் துணை அதிபரானார்.

கேள்வி: ஓட்டே இல்லாதபோது தேர்தலில் நிற்க முடிந்ததா?

பதில்: நின்றார்களே! 1872-ல் விக்டோரியா உட்ஹல் அதிபர் பதவிக்கே நின்றார். அதற்கான 35 வயதும் அவருக்கு ஆகவில்லை என்பது தனிக்கதை. மொன்டானா மாநிலம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த பிறகு, 1916-ல் அங்கிருந்து ஜானெட் ரேங்கின் ஜெயித்து பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1918-ல் ஓட்டுரிமைத் திருத்தம் அந்தச் சபைக்கு வந்தபோது அதை ஆதரித்து ஓட்டுப் போட்ட ஒரே பெண் உறுப்பினர் அவர். சபையில் ஜெயித்த அந்தத் தீர்மானத்தை அந்த வருடம் மேலவையான செனட் கவிழ்த்துவிட்டது.