கர்ஸ்ட் போன பிறகு கார்னெல் லாக்ராஸ் அணி 2026-ல் என்ன செய்யும்?

கேள்வி: என் மகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். அங்கே ஆண்கள் லாக்ராஸ் அணி 2025-ல் தேசிய சாம்பியன் ஆனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்களாம். முக்கிய ஆட்டக்காரர் படிப்பு முடித்துப் போய்விட்டார் என்கிறாள். வரும் சீசனில் அணி எப்படி இருக்கும்? இந்த ஆட்டமே எனக்குத் தெரியாது, புரியும்படி சொல்லுங்கள்.

பதில்:

கார்னெல் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான ஐவி லீகில் முதல் இரண்டு இடத்துக்குள் வருவார்கள். தேசியப் போட்டி முடியும் மே மாதக் கடைசி வரை ஆடும் தெம்பும் இருக்கிறது. ஆனால் கோப்பையை மறுபடி தூக்குவார்கள் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் கட்டமாட்டேன். ஊரெல்லாம் நினைக்கிற மாதிரி, உங்கள் மகள் சொன்ன அந்த முக்கிய ஆட்டக்காரர் கர்ஸ்ட் போனது அதற்குக் காரணம் இல்லை. இந்த அணி கோல் போட ஆளில்லாமல் தோற்காது. தோற்றால், கோல் வாங்கித்தான் தோற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது சிரக்யூஸில், கார்னெல் இருக்கும் இத்தாகாவிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரம். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆரஞ்சு நிற சிரக்யூஸ் கட்சி. நான் மட்டும் கார்னெலின் சிவப்புக்குக் கைதட்டுகிறவன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஆட்டம் என்னவென்று இரண்டு வார்த்தை. ஓர் அணிக்குப் பத்துப் பேர்: மூன்று அட்டாக், மூன்று மிட்ஃபீல்ட், மூன்று டிஃபென்ஸ், ஒரு கோலி. நுனியில் வலைப் பை கட்டிய மட்டையில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, வீசி, ஆறடிக்கு ஆறடிக் கோலுக்குள் போட வேண்டும். பந்து கைக்கு வந்ததும் 80 வினாடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும். கோலுக்குப் பின்னாலும் மைதானம் இருக்கிறது, அங்கே நின்றும் ஆடலாம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும். இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ஆட்டம் இல்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடனொஷோனி மக்களின் ஆட்டம். கார்னெல் வளாகம் இருக்கும் இடமே அவர்களில் ஒரு பிரிவான கயூகா மக்களின் நிலம்தான்.

இனி கர்ஸ்ட். சி.ஜே. கர்ஸ்ட் 2025-ல் மட்டும் 82 கோல் போட்டார். அணி ஆடியது 19 ஆட்டம், அதாவது ஆட்டத்துக்கு நான்குக்கும் மேல். கல்லூரி வாழ்க்கை முழுவதும் சேர்த்து 247. கல்லூரி லாக்ராஸின் உச்ச மட்டமான முதல் பிரிவில் அதற்கு முன் யாரும் அவ்வளவு போட்டதில்லை. இறுதி ஆட்டத்தில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தை 13-10 என்று வென்றபோது அதில் ஆறு அவருடையது. கல்லூரி லாக்ராஸின் உயர்ந்த விருதான டெவாரட்டனும் அவருக்கே கிடைத்தது. 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 1977-க்குப் பிறகு கார்னெலுக்கு வந்த முதல் கோப்பை. இத்தனையையும் ஒரே மனிதர் கணக்கில் எழுதிவிட்டு, 'அவர் போனார், எல்லாம் போச்சு' என்று சொல்வது சுலபம்.

ஆனால் அவர் இருந்த நான்கு சீசனையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2022-ல் இறுதி ஆட்டம், மேரிலண்டிடம் 9-7 தோல்வி. 2023-ல் முதல் சுற்றிலேயே, கூடுதல் நேரத்தில் மிச்சிகனிடம் காலி. 2024-ல் 18 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குள்ளேயே நுழைய முடியவில்லை. 2025-ல் கோப்பை. நான்கு வருடமும் அதே கர்ஸ்ட், அதே கோல் வெறி. முடிவு மட்டும் ஏணிக்கும் பாம்புக்கும் நடுவில் அலைந்தது. ஏறி இறங்கியது அவரைச் சுற்றியிருந்தவர்களின் தரம்.

கார்னெலில் இதுவரை டெவாரட்டன் வாங்கியவர்கள் மூன்று பேர்: 2009-ல் மேக்ஸ் சீபால்ட், 2013-ல் ராப் பனெல், இப்போது கர்ஸ்ட். முதல் இருவர் போன மறுவருடம் என்ன நடந்தது? சீபால்ட் போன பிறகு 2010-ல் அணி அரையிறுதி வரை போய் நோட்ர் டேமிடம் தோற்றது. பனெல் போன பிறகு 2014-ல் முதல் சுற்றிலேயே மேரிலண்டிடம் ஒரு கோலில் விழுந்தது. ஏன் இந்த வித்தியாசம்? 2010-ல் அணியில் இரண்டாம் வருட பனெல் இருந்தார். கோலுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தையே ஓட்டுகிறவர். நட்சத்திரம் போனாலும் ஓட்டுநர் போகவில்லை. 2014-ல் ஓட்டுநரே போய்விட்டார், அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் பயிற்சியாளரும் மாறியிருந்தார். அதே ஐவி லீகின் யேலையும் சேர்த்துக்கொள்ளலாம். 2018-ல் கோப்பையும் பென் ரீவ்ஸுக்கு டெவாரட்டனும் வாங்கிய அணி, ரீவ்ஸ் இல்லாமலே 2019-ல் மறுபடி இறுதி ஆட்டத்துக்குப் போனது. வர்ஜீனியாவிடம் தோற்றது, அது வேறு கதை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஓட்டுநர் இருக்கிறாரா என்பது. இருக்கிறார். பெயர் ரையன் கோல்ட்ஸ்டீன். 2024-ல் முதல் வருடப் பையனாக வந்தவர், 2026 அவருக்கு மூன்றாவது சீசன். டிவியில் பார்த்தால் கர்ஸ்ட் கோல் போடுவதுதான் தெரியும். கார்னெலின் ஷோல்காஃப் மைதானத்தின் வளைந்த கான்கிரீட் படிக்கட்டில் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்து பார்த்தால்தான் கோல்ட்ஸ்டீன் செய்வது புரியும். கோலுக்குப் பின்னால், 'எக்ஸ்' என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இடத்தில், மட்டையைத் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். கோலி கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தாக வேண்டும், பார்த்தால் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று கோலிக்குத் தெரியாது. திடீரென்று ஓரமாக ஓடி வருவார். அவரைக் காவல் காப்பவன் ஓரடி பின்தங்கினால் பக்கத்து டிஃபெண்டர் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு வர வேண்டும், இதற்கு ஸ்லைடு என்று பெயர். அவன் வரக் கிளம்பும் அந்த நொடியில் பந்து அவன் விட்டுவந்த ஆளின் மட்டையில் இருக்கும். கர்ஸ்டின் கோல்களில் எத்தனையோ இப்படித்தான் பிறந்தன. 2026-ல் அந்தப் பந்தை வாங்கப் போகிறவர் வேறு ஆள், கொடுக்கிறவர் அதே ஆள்.

வாங்கப் போகிறவர்களில் முதல் பெயர் வில்லம் ஃபர்த். கனடாக்காரர். கனடாவில் ஐஸ் ஹாக்கி அரங்கு அளவில் உள்ளரங்க லாக்ராஸ் ஆடி வளர்கிறார்கள், கோலும் சின்னது. அந்த நெருக்கடியில் பழகியவர்களுக்கு கோல் வாசலில் இரண்டடி இடம் கிடைத்தாலே பெரிய மைதானம். கர்ஸ்ட் போட்ட 82-ஐ ஒருவரே போடமாட்டார். நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். எதிரணிக்கு அதுதான் அதிகத் தலைவலி என்றுகூடச் சொல்வேன், யாரை அடைப்பது என்று தெரியாதல்லவா.

அடுத்தது ஃபேஸ்-ஆஃப். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பந்து நடு மைதானத்துக்கு வரும். இரண்டு பேர் குனிந்து, மட்டையை எதிரெதிரே வைத்து, விசில் ஊதியதும் மல்லுக்கட்டுவார்கள். இதில் தொடர்ந்து ஜெயிக்கிற ஆள் இருந்தால், சிக்ஸர் அடித்தவனே அடுத்த ஓவரையும் ஆடுகிற கதைதான், எதிரணிக்குப் பந்தே கிடைக்காது. கார்னெலில் இந்த வேலை ஜாக் காஸ்கேடனுடையது. யேல் 2019-ல் இறுதிக்குப் போனதற்கே பெரிய காரணம் ஆல்பனியிலிருந்து வந்து சேர்ந்த டி.டி. ஐர்லன் என்ற ஃபேஸ்-ஆஃப் ஆள்தான். காஸ்கேடன் உடம்பு சரியாக இருக்கும் வரை ஒரே கால்மணி ஆட்டத்தில் ஐந்து கோல் பின்தங்கினாலும் நான் டிவியை அணைக்கமாட்டேன்.

இதுவரை நல்ல சேதி. எனக்குத் தூக்கம் கெடுவது மறுமுனையில். நிரந்தரமாக நின்ற கோலி வையட் நஸ்ட் படிப்பை முடித்துப் போய்விட்டார். லாக்ராஸில் கோலி பந்தைத் தடுக்கிறவர் மட்டும் இல்லை. முன்னால் நிற்கும் மூன்று டிஃபெண்டர்களும் தங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாது. பந்து எங்கே, யார் ஸ்லைடு போக வேண்டும், யார் இரண்டாவதாகப் போக வேண்டும் என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பவர் கோலிதான். புதுக் கோலியின் கை வேகமாகவே இருக்கலாம். அந்தக் கத்தல் அரை நொடி பிந்தினால் போதும், மேரிலண்டோ நோட்ர் டேமோ அங்கே கோல் போட்டுவிடும். பிப்ரவரி, மார்ச் ஆட்டங்களில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், எதிரணி எத்தனை போட்டது என்பதை மட்டும் பாருங்கள். 15-12 என்று ஜெயித்துக்கொண்டே வந்தால் எனக்குக் கவலைதான். மே மாதத்தில் ஆட்டங்கள் இறுகிவிடும்: 2025 அரையிறுதியில் பென் ஸ்டேட்டை வென்றது 11-9.

அந்த பென் ஸ்டேட் அணியின் பயிற்சியாளர் ஜெஃப் டாம்ப்ரோனி 2010 வரை கார்னெலின் பயிற்சியாளர். அவர் காலத்தில், 2004-ல், ஜார்ஜ் போயார்டி என்ற கார்னெல் வீரர் ஆட்டத்தின் நடுவில் ஷாட்டைத் தடுக்கப் போய், பந்து நெஞ்சில் பட்டு இறந்துபோனார். அவருடைய 21-ஆம் எண்ணை அதற்குப் பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை. உங்கள் மகள் மைதானத்துக்குப் போனால் அணி நிற்கும் பக்கம் கட்டுமானத் தொழிலாளிகள் போடும் சிவப்பு ஹெல்மெட் ஒன்று இருக்கும். அதிகம் உழைக்கும் முதல் வருட மாணவர் ஒருவரிடம் அதைக் கொடுத்துவைப்பது வழக்கம். போயார்டியும் தன் முதல் வருடத்தில் அதைச் சுமந்தவர். ஸ்கோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரிந்துகொண்டு பார்த்தால் நன்றாக இருக்குமே என்று சொல்கிறேன்.

ஐவி லீகின் கட்டுப்பாடுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. முதுகலை மாணவர்கள் ஆட முடியாது. மற்றப் பெரிய அணிகள் ஒரு நல்ல கோலி போனால், வேறு கல்லூரியில் பட்டம் முடித்து இன்னும் ஒரு வருடம் ஆடத் தகுதி உள்ள ஒருவரை அழைத்து வந்து ஓட்டையை அடைத்துவிடும். கார்னெலுக்கு அந்த வழி அடைப்பு, உள்ளேயே வளர்க்க வேண்டும். இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து, நீதிமன்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். ஆண்கள் லாக்ராஸில் முன்பு ஓர் அணிக்கு மொத்தம் 12.6 ஸ்காலர்ஷிப்தான் உச்சம். உடன்பாட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்த உச்சம் போய், 48 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஐவி லீக் இதில் சேரவில்லை. இதன் பாதிப்பு 2026-லேயே தெரியாது, இப்போதைய அணி பழைய விதியில் சேர்ந்த பையன்கள். மூன்று நான்கு வருடம் கழித்து இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் இவ்வளவு தெம்பாக இருக்காது.

போட்டியாளர்களில் லீகுக்குள் நான் பயப்படுவது பிரின்ஸ்டனுக்கு. 2025 ஐவி இறுதியில் கார்னெல் அவர்களை வென்றது 20-15 என்று. முப்பத்தைந்து கோல்! இரண்டு பக்கமும் டிஃபென்ஸ் என்று ஒன்று இருந்ததா என்று கேட்கத் தோன்றும். ஹார்வர்டும் யேலும் எந்த நாளிலும் காலை வாரிவிடக் கூடியவை. 2022-ல் இந்த லீகின் ஏழு அணிகளில் ஆறு தேசியப் போட்டிக்குப் போயின, அந்த அளவுக்கு இறுக்கமான கூட்டம். லீகுக்கு வெளியே மேரிலண்ட், நோட்ர் டேம், பிறகு எங்கள் ஊர் சிரக்யூஸ். சிரக்யூஸுக்கு ஜோயி ஸ்பலீனாவின் கடைசி வருடம் இது. 2009-க்குப் பிறகு கோப்பை இல்லாத பசி வேறு. அந்த 2009 கோப்பையும் கார்னெலிடமிருந்து பிடுங்கியதுதான்: கடைசி சில நிமிடங்களில் மூன்று கோல் பின்தங்கியிருந்தவர்கள், நான்கு வினாடி மிச்சமிருக்கும்போது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 10-9 என்று முடித்தார்கள். இதை என் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது எனக்கு நினைவுபடுத்துகிறார்கள்.

பயிற்சியாளர் கானர் புசெக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதே கல்லூரியில் ஆடியவர், நான்கு சீசனுக்குள் ஒரு கோப்பை, இன்னொரு இறுதி ஆட்டம். அவர் இருக்கும் வரை தாக்குதல் ஆட்டத்தில் குழப்பம் வராது.

அதனால் என் கணிப்பு: காலிறுதிக்குப் போவது ஏறக்குறைய நிச்சயம். அரையிறுதிக்குப் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் புதுக் கோலியைப் பொறுத்தது. 2025-லும் காலிறுதியில் ரிச்மண்டிடம் 13-12 என்று மயிரிழையில்தான் தப்பினார்கள், அதையும் யாரும் மறக்க வேண்டாம்.

உங்கள் மகள் ஓர் ஆட்டம் மட்டும் பார்க்கலாம் என்றால் பிரின்ஸ்டனுடன் நடப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்ச்சில் போவதாக இருந்தால் அந்தக் கான்கிரீட் படியில் உட்கார மடித்த போர்வை ஒன்று அவசியம், ஜாக்கெட் மட்டும் போதாது. கோலுக்குப் பின்பக்கம் தெரிகிற மாதிரி இடம் பிடிக்கட்டும்.