இரண்டு நாள் பட்டறையில் மரவேலையும் குஷன் வேலையும் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மரச்சாமான் செய்யவும் சோபாவுக்குக் குஷன் போடவும் கற்றுக்கொள்ள ஆசை. வார இறுதியில் இரண்டு நாள் நேரடிப் பயிற்சி, முடிவில் நீங்களே செய்த ஸ்டூலை எடுத்துப் போகலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா? வீட்டில் ஒரு பழைய சோபாவும் ஆறு டைனிங் நாற்காலிகளும் இருக்கின்றன. அவற்றை நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: நாற்காலிகளை நீங்களே செய்துவிடலாம். சோபாவை இப்போதைக்குத் தொட வேண்டாம். பட்டறைக்குப் பணம் கட்டும் முன் அங்கே கேட்க வேண்டியவை சில உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், முதல் பாடம் உங்கள் வீட்டு டைனிங் ஹாலிலேயே இருக்கிறது.

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான டைனிங் நாற்காலிகளில் இருக்கைப் பலகை தனியாக இருக்கும். அடியிலிருந்து நான்கு ஸ்க்ரூ கழற்றினால் கையோடு வந்துவிடும். துணியைப் பலகையோடு பிடித்திருக்கும் பழைய ஸ்டேப்ளர் பின்களைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, குறடால் பிடுங்குங்கள். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய துணியைத் தூக்கிப் போடாதீர்கள், புதுத் துணி வெட்ட அதுதான் அளவு. இதைச் செய்தவர் மூலையை எப்படி மடித்தார், எங்கே துணியை மிச்சம் பிடித்தார் என்பதெல்லாம் அதிலேயே தெரியும்.

ஃபோம் கடையில் 32, 40 என்று எண் சொல்வார்கள். அது டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. எண் கூடினால் கெட்டியாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் வரும், கெட்டியாகவும் வரும். எண் சொல்வது பெரும்பாலும் எத்தனை நாள் உழைக்கும் என்பதைத்தான். எனவே 40 கேளுங்கள், கேட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்தும் பாருங்கள். டைனிங் நாற்காலிக்கு ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் போதும். பலகையைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டினால், துணியை இழுக்கும்போது ஓரம் அழகாக உருண்டு வரும்.

துணிக் கணக்கு எளிது. 18 அங்குலச் சதுர இருக்கைக்கு 24 அங்குலச் சதுரத் துணி வேண்டும். சோபா துணி பொதுவாக 54 அங்குல அகலத்தில் வரும்; குறுக்கே இரண்டு துண்டு கிடைக்கும். ஆறு நாற்காலிக்கு மூன்று வரிசை, 72 அங்குலம். இரண்டு மீட்டர் வாங்கினால் போதும்.

நல்ல துணியை வெட்டும் முன் கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஒரு பின் மட்டும். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, ஒரு பக்கம் இரண்டு பின் அடித்தால் எதிர்ப்பக்கமும் இரண்டு. மூலைக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிறுத்திவிட்டு, மூலைகளைக் கடைசியில் மடியுங்கள். எங்காவது அதிகமாக இழுத்திருந்தால் லுங்கியின் கட்டம் அங்கே வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிடுங்கி மறுபடி அடியுங்கள். கட்டம் நேராக வந்ததும் லுங்கியை அப்படியே உள்துணியாக விட்டு, மேலே புதுத் துணியைப் போடலாம். பின் 8 மில்லிமீட்டர் நீளம் போதும், 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைத் துளைத்து வெளியே வராது. ஆறு இருக்கை முடிப்பதற்குள் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

மரவேலை இவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. அங்கே முதலில் கற்க வேண்டியது உளி தீட்டுவது. மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு ‘எனக்கு வரவில்லை’ என்று விட்டுவிட்டவர்கள் ஏராளம். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் ஒரு துண்டு எடுத்து, அறுத்த முனையில் உளியைத் தள்ளிப் பாருங்கள். வெட்டிய இடம் வழவழவென்று இருந்தால் உளி தயார். மரம் நசுங்கி நொறுங்கினால் மறுபடி சாணைக்கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியது இங்கேதான் வருகிறது. உளி தீட்டவும் இழைப்புளி பிடிக்கவும் சொல்லித் தருவீர்களா? மரத்தை நான் அளந்து அறுப்பேனா, வெட்டித் துளை போட்டுத் தயாராகத் தருவீர்களா? தயாராகத் தந்தால் நீங்கள் கற்பது ஸ்க்ரூ முடுக்குவது மட்டுமே; ஸ்டூல் அழகாக இருக்கும், அடுத்த ஸ்டூலை உங்களால் தனியாகச் செய்ய முடியாது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? ஆறுக்கு மேல் போனால் உங்கள் கையை யாரும் கவனிக்க முடியாது. முடிந்த பிறகு, கட்டணம் கொடுத்து அங்கேயே வந்து வேலை செய்யலாமா? என் மதிப்பில் இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பவர்தான் உண்மையில் கற்றுத் தர விரும்புபவர்.

இன்னொன்று: மேசைப் பலகையைச் சட்டத்தில் எப்படிப் பொருத்துவீர்கள் என்று கேளுங்கள். முழு மரப் பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. அதனால் ஸ்க்ரூ துளையை நீள்துளையாக விட்டு, பலகை நகர இடம் கொடுக்க வேண்டும். ‘பசை போட்டு இறுக்கிவிடுவோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். மரத்தூள் மூச்சுக்குழாய்க்குக் கெடுதல், புற்றுநோய் வரவழைக்கும் பொருட்களின் பட்டியலிலேயே அது இருக்கிறது. மாஸ்க் இல்லாமல் ரம்பம் ஓட்டும் இடமும் வேண்டாம்.

முறையான படிப்பு என்றால் ஐடிஐயில் தச்சர் பிரிவு ஓராண்டு, முழு நேரம். வேலையில் இருக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயந்திர மரவேலைக்கு ஒரு பயிற்சி மையம் உண்டு. கையில் கொஞ்சம் பழக்கம் வந்த பிறகு விசாரியுங்கள். குஷன் வேலைக்கு உங்கள் தெருக்கோடியில் இருக்கும் குஷன் கடை அண்ணனே நல்ல ஆசிரியர். சனிக்கிழமைகளில் கூட இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், அவர் நேரத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். துண்டுக்கு இவ்வளவு என்று சம்பாதிப்பவரிடம் இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

சோபாவுக்கு ஆறு மாதம் கழித்து வாருங்கள். இப்போது அடியில் உள்ள கறுப்புத் துணியை மட்டும் ஒரு ஓரம் பிரித்து, உள்ளே ஸ்பிரிங்கா, எலாஸ்டிக் பெல்ட்டா, வெறும் பலகையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் தொய்ந்திருந்தால் அதை மாற்றினாலே பாதிச் சோபா சரியாகிவிடும். சட்டத்தில் சின்னத் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து அடித்த பிறகே மற்ற வேலை. குஷன் உறையைத் தைக்க வீட்டுத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டாதீர்கள், மூன்று நான்கு மடிப்பு ரெக்ஸினில் அது நின்றுவிடும். பழைய உறையைப் பிரிக்காமல் டெய்லரிடம் கொடுத்து, ஜிப் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.