பிஎச்பி கற்கப் புது லேப்டாப் வாங்க வேண்டுமா?

பிசிஏ இறுதியாண்டு படிக்கும் மகன் வெப் டெவலப்மென்ட் பக்கம் போக நினைக்கிறான், புது லேப்டாப் கேட்கிறான், கம்ப்யூட்டர் சென்டரிலும் ஃபீஸ் கட்டச் சொல்கிறார்கள், கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் ஐயா. இப்போதைக்கு வேண்டாம். வெப்சைட் எழுதப் பயன்படும் மொழியான பிஎச்பி படிக்க வீட்டில் இருக்கும் 4 ஜிபி ரேம் லேப்டாப்பே போதும். பக்கங்களை பிரவுசருக்கு அனுப்பும் அப்பாச்சி சர்வர், விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மரியாடிபி (எக்ஸாம்பில் இது மைஎஸ்க்யூஎல் என்ற பெயரில்தான் தெரியும்), பிஎச்பி மூன்றும் எக்ஸாம்ப் என்ற ஒரே தொகுப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. கோட் எழுதும் விஎஸ் கோட், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இரண்டுக்கும் காசு கிடையாது. லேப்டாப் ரொம்பவே திணறினால் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்கள். கடன் வாங்குமளவுக்குச் செலவாகாது.

பிஎச்பி பழசாகிவிட்டது என்று யாரோ சொன்னார்களாம். 1995-ல் வந்தது, பழசுதான். ஆனால் வேர்ட்பிரஸ், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, கல்லூரிகள் ஆன்லைன் பாடத்துக்கு வைத்திருக்கும் மூடுல் எல்லாம் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. சின்ன ஊர்களில் கடைக்கும் பள்ளிக்கும் வெப்சைட் செய்து தருபவர்களிடம் கிடைக்கும் முதல் வேலையும் பெரும்பாலும் இதில்தான்.

சென்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் எல்லாம் இன்ஸ்டால் செய்து வைத்த கம்ப்யூட்டரில் உட்கார வைப்பார்கள். பையன் கோட் மட்டும் அடித்துவிட்டு வருவான். வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு வெறும் லேப்டாப்பைக் கொடுத்து, "ப்ராஜெக்டை எடுத்து உன் மெஷினில் ஓட வை" என்பார்கள். அங்கே முழிப்பான். இந்த வேலையை வீட்டிலேயே அவன் கையால் செய்யட்டும். இந்தப் பதிலின் மீதிப் பகுதி அவனுக்கு, அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, எக்ஸாம்ப் போட்டதும் அப்பாச்சி ஸ்டார்ட் ஆகவில்லை, எனக்கு இது வராதோ என்று அப்பாவிடம் சொன்னாயாம். இது எல்லோருக்கும் வருவது. அப்பாச்சிக்கு 80-ம் போர்ட் (பிரவுசர் வந்து தட்டும் வாசல் எண்) வேண்டும். விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் போன்ற வேறொன்று அதைப் பிடித்து வைத்திருக்கும். எக்ஸாம்பின் கன்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்து, அந்த போர்ட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். அதை நிறுத்து. இல்லையென்றால் அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் 'லிசன் 80' என்ற வரியை 8080 ஆக்கிவிட்டு, பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:8080' என்று அடித்துத் திற. யூடியூபில் தேடுவதற்கு முன் லாக்ஸ் பொத்தானை அழுத்திக் கடைசி சில வரிகளை மெதுவாகப் படி. இன்டர்வியூவில் "எரர் வந்தால் என்ன செய்வாய்" என்று கேட்டால் இதையே பதிலாகச் சொல்லலாம்.

மைஎஸ்க்யூஎல் திடீரென்று நின்றுபோகும் ஒரு நாளும் வரும். எக்ஸாம்பை நிறுத்தாமல் லேப்டாப்பை அணைத்தால் அப்படி ஆவதுண்டு. அப்போது யார் என்ன சொன்னாலும் டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்துவிடாதே. உன் டேபிள்களைத் திறக்க அது வேண்டும். முதலில் அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறிடத்தில் காப்பி எடு, பிறகு கை வை. அதைவிட நல்லது, டேட்டாபேஸை பிரவுசரிலேயே பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் வாரம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது.

சீனியர் கொடுத்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அடிக்கும்போது டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்-கனெக்ட் என்ற ஃபங்ஷனே இல்லை என்று எரர் வந்தால் உன் இன்ஸ்டாலேஷனைக் குறை சொல்லாதே. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே அதைத் தூக்கிவிட்டார்கள். டேட்டாபேஸோடு இணைக்க இப்போதுள்ள வழியான பிடிஓ கற்றுக்கொள். ரெக்கார்டில் மார்க்குக்காக என்ன எழுதினாலும் ப்ராஜெக்டில் பிடிஓவைத்தான் வைக்க வேண்டும்.

உன் மெஷினில் ஓடுவது சர்வரில் படுத்துக்கொள்வதற்கு அதிகம் பார்க்கும் காரணம் ஃபைல் பெயர். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஹோஸ்டிங் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு இரண்டும் வேறு வேறு. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலேயே வைத்துப் பழகு. அடுத்தது பாஸ்வேர்ட். எக்ஸாம்பில் ரூட் யூசருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. உன் வீட்டில் சரி, சர்வரில் அப்படி விட்டால் கதை முடிந்தது. டேட்டாபேஸ் விவரங்களைத் தனி ஃபைலில் வைத்து, அதை, கோடை ஆன்லைனில் ஏற்றி வைக்கும் தளமான கிட்ஹப்புக்குப் போகாமல் தடுத்துவிடு. எரரைத் திரையில் காட்டும் செட்டிங் வீட்டில் ஆனில் இருக்கட்டும், சர்வரில் ஆஃப் செய்.

ஒரு ப்ராஜெக்டை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் பெட்டிபோல் கட்டி ஓட்டும் டாக்கர் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். விண்டோஸில் அது வசதியாக ஓட 8 ஜிபி ரேமாவது வேண்டும். முதலில் எக்ஸாம்ப், பிறகு பிஎச்பி லைப்ரரிகளை இறக்கித் தரும் கம்போஸர், அப்புறம் பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெல். டாக்கரை வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம், பரவாயில்லை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை கிட்ஹப்பில் ஏற்றும்போது ஒரு ரீட்மீ எழுது. எந்த பிஎச்பி வெர்ஷன், டேட்டாபேஸ் பெயர் என்ன, எஸ்க்யூஎல் ஃபைலை எப்படி இம்போர்ட் செய்வது என்று வரிசையாக, தமிழ் கலந்த இங்கிலீஷானாலும் சரி. பிறகு அதை ஒரு நண்பனின் லேப்டாப்பில் இறக்கி, நீ பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல், அவனை மட்டும் ஓட வைக்கச் சொல். எங்கே முட்டுகிறானோ அங்கே ரீட்மீயைத் திருத்து. அவன் உன்னைக் கேட்காமலே லாகின் பக்கம் வரை வந்துவிட்டால், அந்த லிங்க்கை ரெஸ்யூமில் ப்ராஜெக்ட் பெயருக்குப் பக்கத்திலேயே போடு.