கண் திரும்பவில்லை, வாசனையும் தெரியவில்லை: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: என் 9 வயது மகனின் இடது கண் வெளிப்பக்கம் திரும்பாது, மூக்குப் பக்கம் பார்த்தால் சுருங்குகிறது. வாசனையும் தெரியவில்லையோ என்று சந்தேகம். கண் பயிற்சியில் சரியாகுமா?

பதில்: முதலில் அவனுடைய கைக்குழந்தைப் பருவ போட்டோக்களைத் தேடி எடுங்கள். அப்போதிருந்தே முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கிறான் என்றால், நீங்கள் சொல்வது டுவேன் சிண்ட்ரோம் போலத்தான் இருக்கிறது. சமீபத்தில்தான் ஆரம்பித்தது, கூடவே தலைவலி, வாந்தி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் கதையே வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

டுவேனில், கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்குப் போக வேண்டிய 6-ஆவது மூளை நரம்பு கருவிலேயே சரியாக உருவாவதில்லை. அந்த இடத்துக்கு 3-ஆவது நரம்பின் கிளை வந்து சேர்ந்துவிடும், அது கண்ணை உள்பக்கம் திருப்புகிற நரம்பு என்பதால் மூக்குப் பக்கம் பார்க்கும்போது இரண்டு தசையும் ஒரே நேரத்தில் இழுத்து, கண் குழிக்குள் பின்வாங்கி இமை இடைவெளி குறுகுகிறது. உருவாகாத நரம்பைப் பயிற்சி கொண்டுவராது, அதற்காகப் பணம் கட்டாதீர்கள். மாறுகண்ணோ தலைத்திருப்பமோ அதிகமாக இருந்தால் ஆபரேஷன் உதவும், ஆனால் முழு அசைவு திரும்பாது. சோம்பேறிக் கண் (ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராமல் போவது) இருக்கிறதா என்பதோடு காது கேட்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, வாசனை. அது முதல் நரம்பின் வேலை, பெரும்பாலும் டுவேனோடு சம்பந்தப்படாது. பிள்ளைகளுக்கு அலர்ஜியும் அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை வீங்குவது)தான் வழக்கமான காரணம். வீட்டிலேயே கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூளை முகரக் கொடுத்துப் பாருங்கள். விக்ஸ், தைலம் வேண்டாம், அவற்றின் எரிச்சலை 5-ஆவது நரம்பு உணர்ந்துவிடும், பிள்ளையும் "தெரியுது" என்பான்.

மூக்கில் அடைப்பில்லை, பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாது என்றால் எம்ஆர்ஐயில் நுகர்வுக் குமிழ்கள் (மூளையில் வாசனையை வாங்கிக்கொள்ளும் பகுதி) இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் கால்மன் சிண்ட்ரோம். பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் கருவில் மூக்குப் பகுதியிலிருந்துதான் நுகர்வு நரம்புகளை ஒட்டியே மூளைக்குப் போகின்றன, வழி தடைபட்டால் வாசனையும் வராது, பருவமும் வராது. அபூர்வமாக டியூபிபி3 என்ற மரபணு மாற்றத்தில் கால்மனும் கண் அசைவுக் கோளாறும் சேர்ந்தே வரும், அதில் இமையும் தொங்கும். பிறந்தபோது விதை விதைப்பைக்குள் இறங்காமல் இருந்திருந்தால் இப்போதே ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் 14 வயதில் விதைகள் வளர ஆரம்பிக்கவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், வாசனை தெரியாத பிள்ளைக்கு கேஸ் கசிவதும் தெரியாது. சமையலறையில் கசிவு அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.