தோட்டமே இல்லாமல் தோட்டக் கழகத்தில் சேரலாமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் திருப்பிச் சொல்கிறேன். போன இலையுதிர்காலம் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தீர்கள், இருப்பது வாடகை பேஸ்மென்ட். ஊரில் விடிந்தால் கிணற்றடி, பொழுதுபட்டால் கத்தரிப் பாத்தி என்று இருந்த அம்மா இங்கே நாள் முழுக்க டிவிக்கு முன்னால். நூலகத்துச் சுவரில் உங்கள் பகுதித் தோட்டக் கழகத்தின் அறிவித்தல் ஒன்றைப் பார்த்தீர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள் அங்கே போகலாமா, அது வெள்ளைக்கார வயசாளிகளின் இடமா, அம்மாவுக்கு ஆங்கிலம் வராதே, காசு எவ்வளவு?

போகலாம். நிலம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. பல்கனியில் இரண்டு சட்டி வைத்திருப்பவர்களும், வீட்டை விற்றுவிட்டு அப்பார்ட்மென்டுக்குப் போய் ஒன்றுமே வளர்க்காதவர்களும் உறுப்பினராக இருக்கிறார்கள். காசு பெரும்பாலான கழகங்களில் வருடத்துக்கு இருபது முப்பது டொலருக்குள் முடிந்துவிடும், முதல் தடவை விருந்தாளியாகப் போய்ப் பார்க்க அனேகமாக ஒன்றும் கேட்கமாட்டார்கள். வயசாளிகளா என்றால், ஆம், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்தான். அதனால்தான் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த இன்னும் இரண்டு கை வந்தால் அவர்களுக்குச் சந்தோசம்.

ஆனால் ஒன்று. அம்மாவை முதலில் மாதக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மாதக் கூட்டம் என்பது மாலை ஏழு, ஏழரைக்கு ஒரு சனசமூக நிலையத்திலோ தேவாலய மண்டபத்திலோ நடக்கும். ஒருவர் படம் போட்டு ஒரு மணி நேரம் ரோஜாவைக் கவாத்துப் பண்ணுவது பற்றிப் பேசுவார், பிறகு தேநீர், குலுக்கல் சீட்டில் ஒரு பூச்சட்டி, கணக்கறிக்கை. ஆங்கிலம் ஓடாத ஒருவருக்கு அது டிவியை விட மோசம். நானும் வந்த புதிதில் ஒரு கழகத்தின் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் பெயர் அட்டை குத்திவிட்ட பெண்ணைத் தவிர வேறு யாரும் என்னோடு பேசவில்லை. அதே ஆட்கள் வெளியில் மண்ணில் நிற்கும்போது வேறு மாதிரி. முழங்காலில் குந்திக்கொண்டு களை பிடுங்கும் இடத்தில் இலக்கணம் யாருக்கு வேண்டும்? அம்மா ஒரு கன்றை எப்படிப் பிடுங்கி எப்படி நடுகிறார் என்று பார்த்தாலே இவர் யாரென்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆகவே மே மாதத்துக் கன்று விற்பனையில் தொடங்குங்கள். அனேகமாக எல்லாக் கழகங்களும் வசந்தத்தில் இதை நடத்தும், வருட வருமானத்தில் பெரும் பங்கு அதிலிருந்துதான். உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் பரவிப்போன ஐரிஸ், ஹோஸ்டா, ஃபுளொக்ஸ் போன்ற அழகுச் செடிகளைப் பிரித்தெடுத்துச் சட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள், கடை விலையில் பாதி கூட இருக்காது. காலையில் கதவு திறக்குமுன்பே வரிசை நிற்கும், நல்லதெல்லாம் முதல் அரை மணியில் போய்விடும். விற்பனைக்கு முந்தின நாள் மேசை போட, சட்டிகளுக்குப் பெயர் ஒட்ட, பாரம் தூக்க ஆள் கேட்பார்கள், அதற்குப் பெயர் கொடுங்கள். கவனித்தால் இப்போது பல கழகங்களில் வேரை முழுக்கக் கழுவித்தான் கன்று வாங்குகிறார்கள். காரணம் ஒன்ராறியோவுக்குள் வந்துவிட்ட ஆசியக் குதிக்கும் மண்புழு. நமக்கு மண்புழு என்றால் உழவனின் நண்பன், இங்கே கதை வேறு. பனியுகத்துப் பனிப்பாளங்கள் இந்தப் பக்கத்து மண்புழுக்களை அடியோடு அழித்துவிட்டன, அதற்குப் பிறகு உருவான காடு மண்புழு இல்லாமலே வளர்ந்த காடு. இன்று மண்ணில் காண்பதில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வந்தவை, இந்தக் குதிக்கிற சாதி அவற்றை விட வேகமாக மேல்மண் சருகைத் தின்று தீர்க்கிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

கன்று நடும் காலத்தை இந்த ஆட்களைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்தவுடன் கடைக்காரன் தக்காளிக் கன்றை வாசலில் அடுக்கிவிடுவான், நம் ஆட்கள் ஓடிப்போய் வாங்குவார்கள், ஒரு இரவுப் பனியில் எல்லாம் கறுத்துவிடும். கழகத்தில் இருக்கும் கிழவி ஒருத்தி கூட விக்டோரியா தின வார இறுதிக்கு முன்னால் தக்காளியை வெளியில் வைக்கமாட்டாள், அதாவது மே 25க்கு முந்தின திங்கட்கிழமை. வெண்டி, பாகல், புடோல், பயித்தை எல்லாம் இன்னும் சூடு கேட்கும், ஜூன் பிறந்த பிறகு நட்டால் போதும். அதற்கு மார்ச், ஏப்ரலிலேயே ஜன்னலோரத்தில் கன்று போட்டு வைக்கவேண்டும். உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு மட்டும் தலைகீழ்: ஒக்டோபரில் நட்டு வெண்பனிக்குள் விட்டுவிட்டு அடுத்த ஜூலையில் கிண்டவேண்டும்.

விதைக்கு, பெப்ரவரி மார்ச்சில் நடக்கும் விதைப் பரிமாற்ற நாள்களைப் பாருங்கள். சீடி சாட்டர்டே என்று சொல்வார்கள், 1990இல் வன்கூவரில் தொடங்கி இன்று நாடு முழுக்க நடக்கிறது. விதை கொடுத்து விதை வாங்கலாம், கொடுக்க ஒன்றுமில்லையென்றால் சில்லறைக் காசு. ஊரிலிருந்து யாராவது வரும்போது கறிவேப்பிலைக் கன்றைப் பையில் சுருட்டிக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கன்றுக்கும் மண்ணுக்கும் கட்டுப்பாடு கடுமை, விமான நிலையத்தில் சொல்லாமல் மறைத்தால் அபராதம். இங்கேயே நம் கடைகளில் கன்று கிடைக்கிறது.

அப்புறம் பொது இடத்து வேலை. இதுதான் அம்மாவுக்கு என்று நான் நினைப்பது. கழகங்கள் நூலக வாசல், முதியோர் இல்லத்து முற்றம், நாற்சந்திப் பூப்பாத்தி என்று சிலவற்றைப் பொறுப்பெடுத்து வைத்திருக்கும், மே முதல் செப்டம்பர் வரை வாரத்தில் ஒரு காலை நாலைந்து பேர் கூடிக் களை பிடுங்கித் தண்ணீர் விடுவார்கள். பெரிய பேச்சு இல்லை, கத்தரிக்கோலைக் கேட்டால் கத்தரிக்கோல் வரும். பத்தரைக்கு யாராவது ஒரு ஃபிளாஸ்கைத் திறப்பார்கள். உங்கள் தம்பி உயர்பள்ளியில் படிப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா, ஒன்ராறியோவில் பட்டயம் வாங்க 40 மணி நேரச் சமூக சேவை செய்திருக்கவேண்டும். இந்த வேலை அதில் சேருமா என்று பள்ளியில் முதலே கேட்டுவிட்டு அவனையும் இழுத்துக்கொண்டு போங்கள், கழகத்து ஆட்கள் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அம்மாவுக்கு மொழிபெயர்க்கவும் ஆள் ஆயிற்று.

மலர்க் கண்காட்சி என்று ஒன்று வைப்பார்கள், அதை வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேதான் அமைதியான ஆட்களின் உண்மை முகம் தெரியும். மூன்று தண்டு என்று அட்டவணையில் எழுதியிருந்தால் மூன்று, நாலு வைத்தால் நடுவர் பார்க்காமலே தள்ளிவிடுவார். ஒரே நிறம், ஒரே அளவு, இலையில் ஓட்டை இல்லை, போத்தல் சுத்தம். இங்கே முதற்பரிசுக்குச் சிவப்பு நாடா, நீலம் இரண்டாவது. புதியவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கும் கழகங்கள் உண்டு, மரக்கறிக்கும் உண்டு. தக்காளியில் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களோடு மோதாமல் 'ஏனைய மரக்கறி' என்ற பிரிவில் பாகற்காயையோ புடலங்காயையோ வைக்கச் சொல்லுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக வளர்த்த ஒரு புடலங்காயைப் பார்த்துவிட்டு அந்த மண்டபத்தில் எத்தனை பேர் வந்து எப்படி என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். கார்த்திகைப் பூவும் இங்கே கோடைக்குச் சட்டியில் வளரும், குளிருக்கு முன் கிழங்கை எடுத்து உள்ளே வைக்கவேண்டும், கிழங்கு நஞ்சு என்பதை வீட்டில் குழந்தைகள் இருந்தால் மறக்கவேண்டாம்.

இந்தக் கழகங்கள் இன்று நேற்று வந்தவை இல்லை. ஒன்ராறியோவின் தோட்டக்கலைச் சங்கங்களுக்கான கூட்டமைப்பு 1906இல் உருவானது, அதற்கு வெகு முன்பே ரொறன்ரோவில் ஒரு சங்கம் இருந்தது. டவுன்டவுனில் இருக்கும் அலன் கார்டன்ஸ், 1858இல் ஜோர்ஜ் அலன் என்பவர் அந்தச் சங்கத்துக்குக் கொடுத்த ஐந்து ஏக்கரில் தொடங்கியது. அதன் கண்ணாடிக் குவிமாட மண்டபம் 1910இல் கட்டியது. அனுமதி இலவசம். வருகிற ஜனவரியில் அம்மாவை அங்கே ஒரு முறை கூட்டிப்போங்கள். வெளியே எல்லாம் வெள்ளை, உள்ளே கோட்டைக் கழற்றவேண்டிய சூடு, வாழை, பனைச் சாதிகள். லோறன்ஸ், லெஸ்லி வீதிகள் சந்திக்கும் இடத்தில் எட்வர்ட்ஸ் கார்டன்ஸ், அதோடு சேர்ந்த தாவரவியல் பூங்கா. அங்கேயும் உள்ளே போகக் காசில்லை, வகுப்புகளுக்குத்தான் கட்டணம்.

இலையில் புள்ளி, பூ உதிர்கிறது மாதிரிக் கேள்விகளுக்கு மாஸ்டர் கார்டனர்ஸ் என்று பயிற்சி பெற்ற தொண்டர்கள் இருக்கிறார்கள், இலவசமாகப் பதில் சொல்வார்கள். கடையில் போய்ப் புல்லுக்கு மருந்து கேட்டு அலையாதீர்கள்: 2009 ஏப்ரல் முதல் வீட்டு முற்றத்துக்கு அழகுக்காக அடிக்கும் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை ஒன்ராறியோவில் தடை.

சொந்தமாக ஒரு பாத்தி வேண்டுமென்றால் நகரசபை வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன, இப்போதே பதியுங்கள், காத்திருப்புப் பட்டியல் நீளம். சமூகத் தோட்டம் என்பது வேறு, அதை ஒரு குழு சேர்ந்து நடத்தும், கூட்டத்துக்கும் பொது வேலைக்கும் வரவேண்டும், அங்கே இடம் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கலாம். இரண்டுக்கும் நடுவில், வீட்டுக்காரரிடம் பின்வளவில் நாலுக்கு எட்டு அடி கேட்டுப் பாருங்கள். புல்லை வெட்டும் வேலை குறைகிறதே என்று பலர் சம்மதிப்பார்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு குறுஞ்செய்தியிலாவது அதை வாங்கி வையுங்கள்.

சாப்பாடு கொண்டுபோவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் கடலை, கஜு சேர்ந்தது வேண்டாம், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். என்ன போட்டது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள், உறைப்பையும் எழுதுங்கள். தேநீருக்குச் சொந்தக் கோப்பை கொண்டுபோகும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

கடைசியாக ஒன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். சில கழகங்கள் ரூஜ் பூங்காப் பக்கமோ பள்ளத்தாக்குகளிலோ பூண்டுக் கடுகு போன்ற அந்நியக் களைகளைப் பிடுங்கத் தொண்டர்களைக் கூப்பிடும். நல்ல வேலை, அம்மாவும் போகலாம். ஆனால் அங்கே உண்ணி இருக்கிறது, லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி. சேலை, செருப்பு சரிவராது. நீளக் காற்சட்டை, காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மூடிய சப்பாத்து. வீட்டுக்கு வந்தவுடன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி எல்லாம் பார்க்கவேண்டும். ஒட்டியிருந்தால் எண்ணெய் பூசாமல், நெருப்புக் காட்டாமல், நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள், எடுத்ததைப் போத்தலில் போட்டு வைத்துக்கொண்டு மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ அன்றைக்கே கேளுங்கள்.