வழவழப்பான தாளில் மை ஏன் திட்டாகிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சிறிய ஆப்செட் அச்சகம் நடத்துகிறேன். பாலக்காட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கல்யாணப் பத்திரிகை வேலைகள் வருகின்றன. அண்மையில் வாங்கிய ஆர்ட் பேப்பரில் அடர்நீலம் திட்டுத்திட்டாக விழுகிறது. தடவிப் பார்த்தால் தாள் வழவழப்பாகத்தான் இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் தெரியுமா?

பதில்: தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் மேற்பரப்பை மட்டும் படம் எடுத்தால் போதாது. தாளின் குறுக்குவெட்டையும் பார்த்தாக வேண்டும்.

உங்கள் விரலுக்கு வழவழப்பாகப் படுவது நார் அல்ல. சீனக்களிமண், கால்சியம் கார்பனேட் ஆகியவற்றின் பொடியும் அதைப் பிடித்துவைக்கும் லேட்டக்ஸ் அல்லது ஸ்டார்ச் பசையும் சேர்ந்த மெல்லிய பூச்சு அது. துகள்களில் பெரும்பாலானவை 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மையை உறிஞ்சும் துளைகளோ அவற்றினும் நுண்ணியவை. ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழ் சாதாரண நுண்ணோக்கி எதையும் பிரித்துக் காட்டாது என்பதால்தான் எலக்ட்ரான் கற்றை வேண்டியிருக்கிறது. அதில் களிமண் துகள்கள், கலைந்து விழுந்த சீட்டுக்கட்டைப் போல, அறுகோணத் தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைக் காணலாம். உங்கள் மாநிலத்தில் திருவனந்தபுரம் பகுதியில் கிடைப்பதும் இந்தக் களிமண்தான்.

தாள் மின்சாரத்தைக் கடத்தாது. கற்றை பட்டதும் மின்னூட்டம் தேங்கிப் படம் கெட்டுவிடும் என்பதால், சில நானோமீட்டர் கனத்தில் பொன் படியவைத்த பிறகே மேற்பரப்பைப் பார்ப்பார்கள். ஆலையில் பூச்சை மிக வேகமாக உலர்த்தியிருந்தால், பசை நீரோடு மேலேறிச் சில இடங்களில் துளைகளை அடைத்திருக்கும்; அந்த அடைப்பு இப்படத்தில் தெரியும்.

குறுக்குவெட்டுக்கு, தாள் துண்டை எபாக்ஸி பிசினில் பதித்து, இறுகியபின் தேய்த்து மெருகேற்றுவார்கள். பின்சிதறும் எலக்ட்ரான்களை, அதாவது துண்டில் பட்டுத் திரும்பி வருபவற்றைக் கொண்டு படம் எடுத்தால், கனமான அணுக்கள் உள்ள இடம் பளிச்சென்று தெரியும். எனவே கால்சியம் நிறைந்த பூச்சு வெளுப்பாகவும் நார் கருமையாகவும் பிரிந்து நிற்கும். நார் மேடிட்ட இடத்தில் பூச்சு மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் இருப்பதை அளந்தே சொல்லிவிடலாம். இவ்விரு இடங்களும் மையை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை.

செலவு செய்யும் முன், அதே மையையும் அதே பிளேட்டையும் கொண்டு வேறொரு கட்டுத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அதிலும் திட்டு விழுந்தால் முதலில் இயந்திரத்தையும் மையையும்தான் ஆராய வேண்டும். விழாவிட்டால், திட்டான இடம், நன்றாக விழுந்த இடம், அச்சேறாத தாள் என மூன்று துண்டுகளை, விரல் படாமல் வெட்டி, எந்தப் பக்கம் மேலே என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் தனித்தனி உறைகளில் ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.